ஒரு பெயருக்குத்தான் இடம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு துணிப் பொம்மை இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் அளவு. கனமும் அதே அளவு வரவேண்டும் என்று உள்ளே மணலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பிள்ளையை அடித்தவர்கள், அடிக்கவே இல்லை என்பவர்கள், பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர்கள், எல்லோரும் அதை வைத்துத்தான் எனக்குச் செய்து காட்ட வேண்டும். அதற்கு ஒரு காது கிடையாது. தலையை இரண்டு முறை மாற்றியாயிற்று. "இந்த ஆபீஸ்லயே அதிகமா அடி வாங்கினது இதுதான், ஆனா ஒரு தடவைகூட கணக்குல வரலை பாருங்க" என்பார் சதவீதம் சார்.

சதவீதம் என்பது நாங்கள் வைத்த பெயர். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் அவருக்குப் புள்ளிவிவரப் பிரிவு. வந்த புகார்களில் எத்தனை நிரூபணமானது, எத்தனை நிரூபணமாகவில்லை, எத்தனை 'தீர்மானிக்க இயலவில்லை' என்று மாதாமாதம் மேலே அனுப்ப வேண்டும். இந்த மூன்றாவது வகை எங்கள் கண்காணிப்பாளருக்கு ஆகாது. நிரூபணமானால் நாங்கள் வேலை பார்த்திருக்கிறோம். நிரூபணமாகவில்லை என்றால் பிள்ளை சௌக்கியமாக இருக்கிறது. தீர்மானிக்க இயலவில்லை என்றால் நாங்கள் எதற்கும் லாயக்கில்லை. அவர் அறைச் சுவரில் மூன்று நிறப் பட்டைகள் வரைந்த தாள் தொங்கும். மூன்றாவது வகைக்கான சாம்பல் பட்டை வளர்ந்தால் அவர் முகமும் அதே நிறத்துக்கு வந்துவிடும்.

நான் விசாரணை அலுவலர். கதவைத் தட்டுபவள். நான் தெருவுக்குள் நுழைந்தால் அக்கம்பக்கம் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளும். வீடு திரும்பினால் என் அம்மா கேட்பாள், "இன்னைக்கு யாரு குடியைக் கெடுத்துட்டு வந்தே?" நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் சாப்பாடு இறங்காது, எனக்கும் அவளுக்கும்.

அந்தக் குழந்தையைப் பற்றி மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. பத்து மாதப் பெண் குழந்தை, இடது கையின் மேல் எலும்பு உடைந்திருக்கிறது. எலும்பு மருத்துவர் வயதில் என்னைவிடச் சிறியவள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"விழுந்தா இப்படி உடையாது மேடம். கோடு எப்படிச் சுத்திக்கிட்டுப் போகுது பாருங்க. யாரோ திருகியிருக்காங்க."

ஈரத்துணியைப் பிழியும்போது விழுமே, அந்த முறுக்கு மாதிரிதான் இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் வீட்டார் நான்கு பேர். கிடங்கில் மூட்டை தூக்கும் அப்பா. பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அம்மா. அப்பாவின் அக்கா, அதாவது பிள்ளைகளுக்கு அத்தை, ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருப்பவள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாளாம். நான்காவது ஆள் மூத்த பெண், எட்டு வயது. பாப்பாவின் ஒற்றைக் காலுறையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர்களைத் தனித்தனியாகக் கேட்டேன். "கட்டில்ல இருந்து விழுந்துட்டா மேடம், தூக்குறதுக்குள்ள விழுந்துட்டா." மூன்று பேரும் இதையே சொன்னார்கள், ஒரு சொல் கூடாமல் குறையாமல். மூன்று பேர் ஒரே வாக்கியத்தில் உண்மை பேசி நான் இதுவரை கேட்டதில்லை.

கட்டுப் போட்டதும் பாப்பாவைக் காப்பகத்துக்கு எடுத்துப் போனோம். விதி அப்படி. அம்மாக்காரி கத்தவில்லை, மறிக்கவில்லை. காப்பகத்து ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னாள். "தூங்கறப்ப தன் காதைத் தானே புடிச்சுக்குவா. வலிக்குதுன்னு நெனச்சுக் கையை எடுத்து விட்றாதீங்கம்மா. அப்புறம் தூங்க மாட்டா."

மறுநாள் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு அறையும், அறை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு தடுப்பும். சுவரை ஒட்டி ஒரு கட்டில். அலமாரியில் பாப்பாவின் துணிகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. கதவு நிலையில் பெரியவளின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்தார்கள். எதைத் தொட்டாலும் சுத்தம். எனக்குச் சுத்தமான வீடுகளைக் கண்டால் சந்தேகம் அதிகமாகும். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் தொட்டிலை நன்றாகத்தான் துடைத்து வைத்திருப்பார்கள்.

உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே பேசினேன்.

"பாருங்க, கட்டில் கதையெல்லாம் வேணாம். டாக்டர் சொல்லிட்டாங்க. கையைத் திருகினது யாருன்னு தெரியாம பாப்பாவை இந்த வீட்டுக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல. யாருன்னு தெரிஞ்சா, அந்த ஒரு ஆள் மட்டும் வீட்டை விட்டு வெளிய போகணும். மத்தவங்ககிட்ட பாப்பா திரும்பி வந்துடும்."

"எவ்ளோ நாளைக்கு வெளிய இருக்கணும்?" என்றார் அப்பா.

"கேஸ் மூடற வரைக்கும். ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"அந்த ஆள் யாரா இருந்தாலுமா?" இது அத்தை.

"யாரா இருந்தாலும்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியவள் குழாயடியில் நின்று காலி பால் பாட்டிலை அலம்பிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாட்டில். "நீ போய் வெளிய விளையாடு" என்றாள் அம்மா, தேவைக்கு மேல் சத்தமாக.

அடுத்த நாள் அலுவலகம் திறந்ததும் அப்பா வந்து நின்றார். தோளில் மூட்டைத் துணியோடு, வேலைக்குப் போகிற வழியில்.

"நான்தான் மேடம். கோவத்துல பண்ணிட்டேன். என்னை எழுதிக்குங்க."

பொம்மையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதைத் தூக்குவதற்கே அவருக்குத் தெரியவில்லை. அரிசி மூட்டையைப் பிடிப்பது போல இரண்டு முனையையும் பிடித்தார். பிறகு வலது கையைப் பிடித்து லேசாகத் திருகினார், வலிக்குமோ என்று பயந்தவர் போல.

"இந்தக் கையா?"

என் முகத்தைப் பார்த்தார். "இல்ல மேடம், அந்தக் கை."

"போய் வேலையைப் பாருங்க" என்றேன். போகவில்லை. மூன்றாவது முறை சொன்ன பிறகு போனார்.

மதியம் காப்பகத்தில் அம்மாவுக்குப் பாப்பாவைப் பார்க்கும் நேரம். ஆயா ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதுவும் விதி. பால் கொடுத்து முடித்துவிட்டு அம்மாக்காரி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "வீட்ல யாருக்கும் தெரியாது மேடம். நான்தான். தூக்கம் கெட்டுக் கெட்டு, ஏதோ ஒரு ஆத்திரத்துல." பையிலிருந்து பொம்மையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் அவள் கைகள் அதைத் தானாகத் தோளில் சாத்திக்கொண்டு முதுகில் தட்ட ஆரம்பித்துவிட்டன.

"என்னம்மா இது? எப்படி உடைச்சீங்கன்னு கேட்டா தட்டிக் குடுக்கறீங்க."

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். பொம்மையை என்னிடம் தந்துவிட்டுப் புடவையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாலையில் அத்தை. பள்ளிக்கூடத்துப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு நேராக வந்திருந்தாள், விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எதுக்கு மேடம் வளவளன்னு? பண்ணினவ நான். எங்க, அந்தப் பொம்மையைக் குடுங்க. தெருவே சொல்லுது, நீங்க பொம்மை வச்சுக் கேப்பீங்கன்னு." வாங்கினாள். இடது கையைச் சரியாகப் பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே திருகு. தையல் விட்டு மணல் மேஜை மேல் கொட்டியது.

"போதுமா?"

கண்ணைத் திறந்து மணலைப் பார்த்தவள், உடனே அதை உள்ளங்கையால் கூட்டிக் குவிக்க ஆரம்பித்தாள், ஒரு பொட்டுக்கூடக் கீழே சிந்தாமல். "ஊசி நூல் இருந்தா தாங்க மேடம். தைச்சுக் குடுத்துட்டுப் போறேன். பாவம், இதுக்கு ஏற்கெனவே ஒரு காது இல்ல."

ஊசி நூல் வரவழைத்தேன். அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன், "காலையில உங்க தம்பி வந்து நான்தான்னார். மதியம் அவர் சம்சாரமும் அதையே சொல்லிட்டாங்க."

ஊசி நின்றது. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அட கிறுக்குங்களா! நேத்து மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதானே சாப்பிட்டோம். ஒரு வார்த்தை கலந்து பேசிக்கக் கூடாது?" சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கண்காணிப்பாளரிடம் போனேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு பேர் ஒத்துக்கிட்டா யாருமே ஒத்துக்கலைன்னுதான் அர்த்தம். யாராவது ஒருத்தரைப் புடிங்க."

"மூணு பேரையும் போட்டா என்ன சார்?"

பதில் சொல்ல அவர் சதவீதம் சாரைக் கூப்பிட்டார். "முன்னாடியெல்லாம் போட முடிஞ்சுது" என்றார் சதவீதம். "ஒரு பிள்ளைக்கு மூணு பேர் பேரைப் போட்டாங்க, மூணு நிரூபணம்னு கணக்கு ஏறிடுச்சு. மேல இருந்து கேட்டாங்க, என்னய்யா பிள்ளைங்களைவிட அடி அதிகமா இருக்குன்னு. அன்னையிலேருந்து 'பொறுப்பானவர்' கட்டத்துல ஒரு பேருக்குத்தான் இடம். ரெண்டாவது பேர் அடிச்சா முதல் பேர் அழிஞ்சுடும்."

"பேரே போடலைன்னா?"

"சாம்பல்" என்றார் கண்காணிப்பாளர். "பிள்ளையும் காப்பகத்துலயே இருக்கும். யாருன்னு தெரியாத வீட்டுக்கு எப்படி அனுப்புவீங்க?"

ஆகப் பாப்பா வீட்டுக்கு வரவேண்டுமென்றால் யாராவது ஒருவர் வீட்டை விட்டுப் போக வேண்டும். அதற்கு மூன்று பேர் வரிசையில் நின்று முண்டியடித்தார்கள். அந்த முண்டியடிப்பே அவர்கள் காலை வாரிவிட்டது. எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. குற்றத்தை மற்றவர் தலையில் தள்ளுகிற குடும்பங்கள்தான் எனக்குப் பழக்கம். இவர்கள் யாரைக் காப்பாற்றுகிறார்கள்? மூன்று பேரும் தங்களையே கொடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது யார்?

பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். அவளுக்குக் காலைப் பள்ளி, மதியத்தோடு விட்டுவிடுவார்கள். நூலக அறையைத் திறந்துவிட்டார்கள். பொம்மையை மேஜை மேல் வைத்துவிட்டு நான் ஒன்றும் கேட்காமல் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். அவளாகவே அதன் இடது கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எங்க அத்தை தையல்."

"எப்படித் தெரியும்?"

"என் பையும் இப்படித்தான் தைச்சிருக்காங்க."

பிறகு எழுந்து போய் ஒரு பெஞ்சைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். முழுக்கச் சேராமல் ஒரு சாண் இடைவெளி விட்டாள். பொம்மையைத் தூக்கிவந்து அந்த இடைவெளிக்குள் தலைகுப்புற விட்டாள்.

"இப்படித்தான் பாப்பா விழுந்துட்டா மிஸ். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல. முதல்ல அழுதா. அப்புறம் அழுகை வேற மாதிரி ஆயிடுச்சு. கட்டிலை இழுத்தேன், நகரலை. எனக்குக் கை மட்டும்தான் எட்டுச்சு." குனிந்து பொம்மையின் இடது கையைப் பிடித்தாள். "திருப்பினாத்தான் வெளிய வருவா. அதான் திருப்பினேன். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு."

மருத்துவர் காட்டிய கோடு எப்படிச் சுற்றிப் போனதோ, அப்படியே சுற்றியது அவள் மணிக்கட்டு.

"அப்போ வீட்ல யாரும்மா இருந்தாங்க?"

"நான் இருந்தேன்."

"பெரியவங்க?"

"நான் ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா ஓடணும், இல்லைன்னா கம்பெனி வேன் போயிடும். அத்தை பாத்திரம் கழுவிட்டு வருவாங்க. நடுவுல நான் பாத்துப்பேன்."

"தினமுமா?"

தலையாட்டினாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு பொம்மையை இடைவெளியிலிருந்து எடுத்து, மேலே ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"மிஸ், என் பேரை எழுதுவீங்களா? சொன்னா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, வாயைத் திறக்காதன்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஆனா நான் போனா பாப்பா வந்துடுவால்ல?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பிள்ளையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு ஓடிய அம்மா மேல் வந்தது. அவளுக்காக நிற்காத அந்த வேன் மேல் வந்தது. யாரா இருந்தாலும் என்று அன்றைக்கு நீட்டி முழக்கிய என் வாயின் மேலும் வந்தது. "யார் பேரையும் நான் இன்னும் எழுதலை" என்று மட்டும் சொன்னேன்.

அலுவலகத்துக்கு வந்து கணினியைத் திறந்தேன். பொறுப்பானவர் கட்டத்துக்குப் பக்கத்தில் வயது கேட்கும். எட்டு என்று அடித்துப் பார்த்தேன். மறுக்கும் என்று நினைத்தேன், சிவப்பில் ஏதாவது எச்சரிக்கை வரும் என்று நினைத்தேன். பேசாமல் ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. வேகமாக அழித்தேன். அழித்த பிறகும் யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

கண்காணிப்பாளரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். மனிதர் கல் இல்லை. உட்காருங்க என்று நாற்காலியைக் காட்டினார்.

"இது அடி இல்ல சார். கவனிப்பு இல்லாம விட்டது. அதுக்கு மூணு பெரியவங்களும் பொறுப்பு, நான் மறுக்கலை. ஆனா பகல்நேரக் காப்பகத்துல பாப்பாவுக்கு ஒரு இடம் குடுத்தா இந்தப் பிரச்சினையே கிடையாது."

"நிரூபணமான பிள்ளைக்குத்தான் அங்க இடம் கேக்க முடியும். நிரூபணமாகணும்னா ஒரு பேர் வேணும். அந்த நேரத்துல பிள்ளையைப் பாத்துக்கிட்டது யாருன்னு கேக்கும். நீங்க சொல்றபடி பார்த்தா..." என்று நிறுத்தினார். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கும் நாக்கு எழவில்லை. மேஜை மேல் விரலால் தட்டினார். "சரி, வேற மாதிரி பார்ப்போம். அந்த நேரத்துக்கு அடுத்து வீட்டுக்கு வரவேண்டியது யாரு?"

"அத்தை."

"வரவேண்டியவங்க வர நேரமாச்சு. நடுவுல பிள்ளை தனியா இருந்துச்சு. அத்தை பேரைப் போடுங்க. அவங்கதான் நானே நானேங்கறாங்களே."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தக் கட்டத்தில் எட்டு என்ற எண் வராமல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது எனக்கு.

அத்தையிடம் சொல்லப் போனேன். நல்லதையும் சொன்னேன், கெட்டதையும் சொன்னேன். "உங்க பேர் பட்டியல்ல ஏறிடும். பிள்ளைங்க இருக்கற இடத்துல வேலை பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்து வேலை போயிடும்."

"சோறாக்கத் தெரிஞ்சவளுக்கு எந்த ஊர்ல அடுப்பு இல்ல?" என்றாள். அடுக்களையில் இருந்த தன் கரண்டியைக் கூடப் பையில் போட்டுக்கொண்டாள், இது எனக்குக் கைக்கு வாகானது என்று. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதடா. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறாளான்னு தெருவுல கேக்கப் போறாங்க." பெரியவள் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் அத்தை படியிறங்கினாள். நான் நிரூபித்தவர்களில் சிரித்துக்கொண்டே போனவள் அவள் ஒருத்திதான்.

பின்னாலேயே வந்து அம்மாக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஷிப்ட் மாத்திக் கேட்டிருக்கேன் மேடம். ராத்திரி ஷிப்ட் தரேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்கார்." பகல்நேரக் காப்பகத்துக்கு நான் கேட்டு எழுதியதற்கும் பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, இடம் காலியாகும்போது தெரிவிக்கப்படும்.

சுவரில் நிரூபணமானவற்றின் பச்சைப் பட்டை ஒரு நூல் உயர்ந்தது. "ஒண்ணு" என்றார் சதவீதம் சார். "எல்லாம் சுத்தமா இருக்கு. காயம், நிரூபணம், பொறுப்பானவர் வெளியேற்றம், பிள்ளை வீடு திரும்பியது. பயிற்சி வகுப்புல காட்டலாம் போலிருக்கு." அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அதைத்தான் அழகாக நறுக்கி எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பாப்பாவின் கட்டைப் பிரித்த பிறகு ஒரு முறை நேரில் பார்த்து, பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் என் பங்கு முடிந்தது. வேறொரு வீட்டு வேலையாக அந்தப் பக்கம் போன ஒரு பிற்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் படியேறிக் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளிருந்து கேட்டது. பெரிய மனுஷியின் அதட்டல், ஆனால் சின்னக் குரல்.

"நான்தாம்மா. பொம்மை மிஸ்."

தாழ்ப்பாளை எட்டுவதற்காக ஸ்டூல் இழுபடும் சத்தம். கதவு திறந்தது. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், இடுப்பில் பாப்பாவோடு நின்றாள். பாப்பா கனத்துப் போயிருந்தது. அதன் கனத்துக்கு இவள் உடம்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"அம்மா எங்க?"

"வேன் வந்துடுச்சு."

"ராத்திரி ஷிப்ட்டுன்னு சொன்னாங்களே?"

"அது வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம்."

"அப்பா?"

"தெரு லைட் போட்டதும் வந்துடுவார்."

முன்பு அத்தை பாத்திரம் கழுவிவிட்டு வரும்வரைதான் இவள் தனியாக இருந்தாள். இப்போது அத்தை இல்லை. மதியத்திலிருந்து தெருவிளக்கு எரியும்வரை இவள்தான். பாதுகாப்புக்காக நாங்கள் வெளியே அனுப்பியது, அந்த வீட்டில் பொழுதோடு திரும்பி வந்துகொண்டிருந்த ஒரே பெரியவளை. யோசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். யோசிக்கிற இடத்தில்தான் நாங்கள் கட்டம் வைத்திருக்கிறோமே.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டில் அறையின் நடுவில் கிடந்தது. நான்கு பக்கமும் சுவரைத் தொடாமல், அறையை அடைத்துக்கொண்டு.

"அப்பாகிட்ட சொல்லி இழுத்துப் போட்டேன்" என்றாள். "இப்ப எந்தப் பக்கமும் சந்து கிடையாது." பிறகு நான் கேட்காமலேயே பாப்பாவைப் பாயில் உட்கார வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பல்லாம் கையைப் புடிச்சுத் தூக்கறதே இல்ல மிஸ். பாருங்க." குனிந்து இரண்டு கைகளையும் பாப்பாவின் அக்குளுக்குள் கொடுத்து, காலை அகட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பாப்பாவுக்கு அது விளையாட்டு, வாயெல்லாம் சிரிப்பு.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா" என்றேன்.

உண்மையில் சரியாகத்தான் இருந்தது.

என் பையில் முடிப்பு அறிக்கை இருந்தது. பாதுகாப்பாக இருக்கிறது என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால், அதே பிள்ளை, வருஷம் முடியவில்லை, இரண்டாவது நிரூபணம். சதவீதம் சாரின் கணக்கில் அதைவிடப் பெரிய கரும்புள்ளி கிடையாது. அதுகூடப் போகட்டும், அவர்கள் பட்டை கறுத்தால் எனக்கென்ன. ஆனால் எழுதியதும் பாப்பாவை மறுபடி காப்பகத்துக்குத் தூக்குவார்கள். மறுபடி அந்தக் கட்டம் திறக்கும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்கும். இந்தத் தடவை கொடுப்பதற்கு என்னிடம் ஒரு அத்தை இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். தெருவிளக்கு எரிய இன்னும் நேரம் இருந்தது. நான் எழுந்து போனால் அந்த வீட்டில் பெரியவர் அவள்தான். பாப்பாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அக்காவின் மடியில் சாய்ந்து தன் காதைத் தானே பிடித்துக்கொண்டது. அவள் அந்தக் கையைத் தொடாமல், முழங்காலை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்தும் திறக்காமல் வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். என் பையைப் பார்த்தாள். அதற்குள் பொம்மை இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. பாப்பா விழித்துவிடாதபடி குரலைத் தணித்துக் கேட்டாள்:

"மிஸ், இந்தத் தடவை யாரு வெளிய போகணும்?"